எடைக் கிராணியும் இரண்டு பயிற்றுநரும்

தெற்குக் கெடாவில் கடந்த ஐம்பது வருடங்களில் விழுந்த கோல்கள் அத்தனையும் என் கண் முன்னால் விழுந்தவை. நான் பார்க்காமல் விழுந்த கோல் செல்லாது என்று நடுவர்கள் பந்தைத் திரும்ப நடுவில் வைத்த காலமும் உண்டு.

சரி, கொஞ்சம் கூடித்தான் போய்விட்டது. ஒரு நாற்பது ஆட்டம் பார்த்திருப்பேன். அதிலும் பாதி நேரம் கடலை உரித்துக்கொண்டிருந்தேன். ஆனால் சென்ற ஆண்டு வெள்ளைப்பாலம் தோட்டத்துத் திடலில் நடந்த ஓர் ஆட்டத்தை மட்டும், கடலைப் பொட்டலத்தைப் பிரிக்காமல், கடைசி விசில்வரை பார்த்தேன். பந்துக்காக இல்லை. திடல் ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த புவனேசனுக்காக.

வெள்ளைப்பாலம், பாடாங் மேஹாவிலிருந்து உள்ளே போகிற செம்மண் சாலையில் இருக்கிறது. புவனேசன் அங்கே இருக்கும் செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பத்தொரு வருடம் எடைக் கிராணியாக, எடை எழுதும் கணக்கராக, இருந்தவர். பழக்குலை ஏற்றி வரும் லோரி முதலில் எடை மேடையில் ஏறும். குலையைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது வெறும் லோரி இன்னொரு முறை ஏறும். முதல் எடையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவது பழம். சொல்லும்போது சின்னப் பிள்ளைக் கணக்கு மாதிரி இருக்கிறது. ஆனால் குலைக்கு அடியில் மணல் இருக்கும். உள்ளே வரும்போது பீப்பாய் நிறைய தண்ணீர் இருக்கும், வெளியே போகும்போது பீப்பாய் காலியாகியிருக்கும். முதல் எடைக்கு ஓட்டுநரும் அவர் கூட்டாளியும் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாவது எடைக்கு இருவரும் மர நிழலில் நின்று சிகரெட் பிடிப்பார்கள். புவனேசன் ஒவ்வொரு லோரியையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டயரைத் தட்டி, சக்கரத்துக்கு அடியில் குனிந்து பார்த்து, பிறகுதான் பேனாவை எடுப்பார். ஒருமுறை லோரி மேல் உட்கார்ந்திருந்த காக்கையை விரட்டிவிட்டுத்தான் எடை எழுதினார் என்று தோட்டத்தில் சொல்வார்கள். முதலில் சொன்னது நான்தான்.

அவர் ஆலையில் சேர்ந்த காலத்தில் முள் வைத்த எடைக்கருவி. கடைசிப் பத்து வருடம் சிவப்பு எண்கள் ஓடுகிற கருவி. எதுவானாலும் அவருக்கு ஒரே வேதம்தான்: நல்ல சரக்கு மேடையில் ஏறினால் முள் ஒரு தடவை அசைந்து அப்படியே நிற்கும். முள் நிற்காமல் ஆடினால் யாரோ எங்கேயோ கால் வைத்திருக்கிறான்.

இந்த வேதத்தை அவர் ஆலை வாசலோடு விட்டுவிட்டு வரவில்லை. வீட்டுக்கு வரும் எரிவாயுத் தோம்பைக் குளியலறைத் தராசில் ஏற்றுவார். கோலா கெடா வரை மீன் வாங்கப் போய், செவுளைத் தூக்கிப் பார்த்து, பிறகு பக்கத்துக் கடைக்காரரிடம் "அவன் மீன் எப்படி?" என்று விசாரிப்பார். பெண் பார்க்கப் போனபோது பிரேமாவதியின் புகைப்படத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் ஸ்டூடியோக்காரர் போட்ட தேதி எத்தனை வருடம் பழசு என்று பார்த்தவர். அதற்குப் பிறகும் பிரேமாவதி கட்டிக்கொண்டாள் என்றால், அவள் பொறுமையை எந்த மேடையிலும் ஏற்ற முடியாது.

ஒரே மகள் ரூபினி. கூலிமில் ஒரு தொழிற்சாலையில் தொழில்நுட்பராக வேலை செய்யும் கெல்வினை விரும்பினாள். கெல்வின் நம் தோட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பம்தான்; அவன் அம்மா ஜோசபினுக்கு இன்னமும் பழைய தொழிலாளர் லயத்தில் வீடு இருக்கிறது. மதம் வேறு என்பதில் புவனேசனுக்கு ஆட்சேபம் இல்லை. கெல்வின் சொன்ன சம்பளத்தில்தான் சந்தேகம். தொழிற்சாலைக்கே தொலைபேசி போட்டு விசாரித்துவிட்டார். அங்கே தொலைபேசியை எடுத்த பெண் அன்றைக்கே கெல்வினிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

"அப்பா, நான் கட்டிக்கப் போறவரு என்ன லோரியா, மேடையில ஏத்திப் பாக்குறதுக்கு?" என்றாள் ரூபினி. கல்யாணம் சர்ச்சில் நடந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவள் அப்பா வீட்டுப் படி ஏறவில்லை.

அந்த ஆட்டத்தின்போது அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. அடுத்த மாதம் வளைகாப்பு. பிரேமாவதி மூலமாக ஒரு சேதி அனுப்பியிருந்தாள்: அப்பா வீட்டுக்கு வளையல் போட்டுக்கொள்ள வருவேன், ஆனால் ஊரார் முன்னால் என் வீட்டுக்காரரை இன்னொரு தடவை சந்தேகப்பட்டுப் பேசினால் அதற்குப் பிறகு என்னைப் பார்க்க முடியாது.

புவனேசன் அதைக் கேட்டுவிட்டு, "சரி" என்றார். அந்த 'சரி'யைச் சொல்ல ஒரு கோப்பி குடித்து முடிக்கிற நேரம் எடுத்துக்கொண்டார். நல்ல வேளை, அந்தச் சமயத்தில் கால்பந்து வந்து சேர்ந்தது. நல்ல வேளையா கெட்ட வேளையா என்று கேட்டால் எனக்கு இன்னமும் சந்தேகம்தான்.

வெள்ளைப்பாலம் அணிக்கு ஒன்பது வருடமாக ராமையாதான் பயிற்றுநர். தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கிற மண்டோர் வேலை; அதிகம் பேச மாட்டார். அவர் அணி ஒவ்வொரு வருடமும் தோட்டங்களுக்கு இடையிலான போட்டியில் மூன்றாவது வரும். ஒரு வருடம்கூடத் தப்பியதில்லை. பத்துப் பேரும் தங்கள் கோல் முன்னால் கோழிக்குஞ்சு மாதிரி அடைந்து நிற்பார்கள். எதிரி களைத்துப் போனதும் ஒருவன் போய் ஒரு கோல் அடித்துவிட்டு ஓடி வந்து மறுபடி கூட்டத்தில் நின்றுகொள்வான். தோல்வி ஒன்றோ இரண்டோதான். முதலிடமும் இல்லை.

கெல்வின் ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்து வந்தான். அவன் அணி ஆடினால் முதல் வாரம் ஆறுக்கு ஐந்து ஜெயிப்பு, அடுத்த வாரம் நாலுக்கு ஐந்து தோல்வி. ஆட்டம் முடிந்தால் பார்த்தவர்களுக்குத்தான் தொண்டை கட்டிப்போகும். 'ராமையா போதும், கெல்வின் வரட்டும்' என்று பாதித் தோட்டம் கிளம்பியது. மீதிப் பாதி 'இருக்கிறதைக் கெடுத்துக்காதீங்க' என்றது.

சண்டைக்களம் ரஃபேல் கோப்பிக் கடை. ரஃபேல் கெல்வின் கட்சி. லோரி ஓட்டும் காளிதாசன் ராமையா கட்சி.

"ஒம்பது வருஷம்!" என்பார் காளிதாசன், மேசையைத் தட்டி. "ஒரு வருஷமாச்சும் கீழ போனமா? வருஷா வருஷம் மூணாவது. அது என்ன லேசா?"

"அண்ணே, அந்த மூணாவது கிண்ணத்துல என் வீட்டுக்காரி கரண்டி போட்டு வெச்சிருக்கா. மொத கிண்ணம் வட்டமா சதுரமான்னுகூட என் பிள்ளைங்களுக்குத் தெரியாது லா."

"தெரிஞ்சி என்ன செய்யப் போறாங்க? கெல்வின் பசங்க அஞ்சு வாங்கிட்டு வந்தானுங்களே, அது?"

"நாலு போட்டானுங்கள்ல! ராமையா அண்ணன் நாலு கோல் போடணும்னா என் மக கல்யாணம் முடிஞ்சிரும்."

"நான் லோரி ஓட்டுறவன். சிம்பாங் முச்சந்தியில அழுத்தித் திருப்புனா வண்டி எங்க கெடக்கும்னு எனக்குத் தெரியும்."

"தெரியும் தெரியும். உங்க லோரிய சைக்கிள்காரன் முந்திட்டுப் போறதும் எங்களுக்குத் தெரியும்."

புவனேசன் கடைக்குள் வந்தால் இரண்டு மேசையும் அடங்கிவிடும். அவர் எந்தக் கட்சி என்று ஒருவருக்கும் நிச்சயமில்லை. அவர் மனசு ராமையா பக்கம்தான். முள் ஆடாத ஆட்டம் அல்லவா? ஆனால் மாப்பிள்ளையை எதிர்த்து வாய் திறந்தால் மகள் வரமாட்டாள். அதனால் பால் இல்லாத தே ஓ தேநீரைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்து போவார். பேசாத மனிதரைப் போல் சந்தேகத்துக்கு ஏற்றவர் யார்? "மாமனாரு மருமகன் பக்கம்தான சாய்வாரு" என்றார் காளிதாசன். "மருமகனைக் கண்டாலே ஆகாது, ராமையாவுக்குத்தான் சாய்வாரு" என்றார் ரஃபேல்.

அணியின் செயற்குழுவில் கோயில் தரப்பில் மூன்று பேர், சர்ச் தரப்பில் மூன்று பேர். வாக்கெடுத்தால் மூன்றுக்கு மூன்று. அதிலும் விசேஷம், கோயில்காரர் இருவர் கெல்வினுக்கும், சர்ச்காரர் இருவர் ராமையாவுக்கும் கை தூக்கியிருந்தார்கள். யாரை யார் விலைபேசினார் என்று ஒரு வாரம் ஊர் விசாரித்தது. கடைசியில் வேறு எந்த ஊருக்கும் தோன்றாத ஒரு தீர்வைக் கண்டுபிடித்தார்கள். யான் என்கிற ஊரின் அணியோடு வரும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில், முதல் பாதிக்கு ராமையா பயிற்றுநர். இரண்டாம் பாதிக்கு கெல்வின். இரண்டு பாதியையும் பார்த்து, எது கனம் என்று எடைக் கிராணி சொல்லட்டும். அவர் சொன்னால் அதுதான் தீர்ப்பு.

"அவரு மேல நம்பிக்கை இருக்கா?" என்று ரஃபேலைக் கேட்டேன்.

"இல்ல டீச்சர். ஆனா காளிதாசன் அண்ணனுக்கும் இல்ல. அதான் சரியா இருக்கும்னு விட்டுட்டோம்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புவனேசன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போனார். இரண்டு கோல் கம்பங்களும் ஒரே அகலம்தானா என்று பார்க்க வேண்டும். ரஃபேல் ஆட்கள் அகலமாக்கியிருக்கலாம், காளிதாசன் ஆட்கள் குறுக்கியிருக்கலாம். அகலம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கோயில் பக்கமிருக்கும் வடக்குக் கோலின் கோட்டுக்கு அருகே ஒரு கை அகலத்துக்கு மண் புதிதாக இருந்தது. சுற்றிலும் புல் தேய்ந்து இறுகிக் கிடக்க, அந்த இடம் மட்டும் பொதபொதவென்று. வீட்டுச் சாவியால் கிளறினார். மஞ்சள் துணி. அதற்குள் மூன்று ஆணி குத்திய ஓர் எலுமிச்சம்பழம். கூடவே அந்தோணியார் படம் போட்ட ஒரு சின்ன அலுமினியப் பதக்கம்.

கோலைக் கட்டிவிட்டார்கள்! தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த வேலைதான். இப்படிப் புதைத்துவிட்டால் அந்தக் கோலுக்குள் பந்து போகாது என்பார்கள். படித்த பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்தவர்களும் அந்த மண்ணை மிதிக்காமல் சுற்றித்தான் போவார்கள்.

புவனேசன் எலுமிச்சம்பழத்தை இருந்தபடியே மூடினார். சந்தேகமான லோரியை மேடையை விட்டு இறக்கக் கூடாது என்பது ஆலைப் பழக்கம். பதக்கத்தை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு யோசிக்க உட்கார்ந்தார். எலுமிச்சம்பழம் வைத்தது கோயில் கை. பதக்கம் வைத்தது சர்ச் கை. வெள்ளைப்பாலத்தில் கோயிலும் சர்ச்சும் சேர்ந்து ஒரே துணியில் முடிச்சுப் போடுகிற வீடு எது? அவருக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது. அது அவர் மகள் வீடு.

செயற்குழுவுக்கு முன்னால் இதை எடுத்து வைத்தால் கெல்வின் பெயர் அன்றைக்கே நாறிவிடும்; மகள் வரமாட்டாள், பேரப்பிள்ளையும் இல்லை. மறைத்துவிட்டால், முப்பத்தொரு வருடத்தில் முதன்முறையாகக் கள்ளச் சரக்கு என்று தெரிந்தே ஒரு லோரியை அவர் விட்டார் என்றாகும். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை என்றாள் பிரேமாவதி. 'முட்டி வலிக்குது' என்று அவளும் சீக்கிரம் படுத்துவிட்டாளாம்.

சனிக்கிழமை காலை, தோட்டத்துப் பலாப்பழம் ஒன்றை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு புவனேசன் கூலிமுக்குப் போனார். பலாப்பழம் சாக்கு. துப்புத் துலக்கத்தான் போனார். அடுக்குமாடியில் நாலாவது மாடி. மின்தூக்கி வேலை செய்யவில்லை. பழத்தைத் தோளில் சுமந்து ஏறி, கதவைத் தட்டினார்.

ரூபினி கதவைத் திறந்தாள். அப்பாவைப் பார்த்தாள், பலாப்பழத்தைப் பார்த்தாள், அழ ஆரம்பித்துவிட்டாள்.

"நாலு மாடி தூக்கிட்டு வந்தீங்களா?" என்றாள். "ஒரு போன் போட்டிருந்தா இவரு கீழ வந்திருப்பாருல்லப்பா?"

"வெயிட் அதிகமில்ல. பதினொரு கிலோதான்."

உள்ளே போனவர் தண்ணீர் குடித்துக்கொண்டே வீட்டை நோட்டம் விட்டார். பால்கனியில் எலுமிச்சைச் செடி உண்டா? இல்லை, கறிவேப்பிலைதான். மஞ்சள் துணி? காணவில்லை. சுவரில் ஓர் அலமாரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. "ஆணி இருக்கா? சரி பண்ணித் தர்றேன்" என்று கருவிப் பெட்டியைத் திறக்க வைத்தார். வீட்டிலிருக்கும் ஆணியும் பழத்தில் இருந்த ஆணியும் ஒரே அளவா என்று பார்க்க வேண்டும். அந்த நேரம் இரவு வேலை முடிந்து கெல்வின் வந்து சேர்ந்தான். மாமனார் அலமாரிக்கு அடியில் மண்டியிட்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

"மாமா... நான் செய்யுறேன், நீங்க எழுந்திரிங்க."

"ஆணி எங்க வெச்சிருக்கே?"

"இப்ப யாரு மாமா ஆணி அடிக்கிறாங்க? எல்லாம் ஸ்க்ரூதான்."

பெட்டியில் உண்மையிலேயே ஓர் ஆணிகூட இல்லை. இருவருமாகச் சேர்ந்து அலமாரியை நிமிர்த்தினார்கள். கெல்வின் தூக்கத்தை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வரைந்து வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து காட்டினான். ஒரே அம்புக்குறிகளாக இருந்தது.

"இவ்ளோ பேரு மேல போய்ட்டா பின்னால யாரு இருப்பா?" என்றார் புவனேசன்.

"யாரும் இல்ல மாமா."

"அப்ப கோல் வாங்குவியே?"

"வாங்குவேன். போடவும் போடுவேன். ஆடித் தோத்தா அடுத்த வாரம் சரி பண்ணிக்கலாம். ஆடாமயே மூணாவது வந்தா எதைச் சரி பண்றது?"

புவனேசன் நோட்டுப் புத்தகத்தை மூடிக் கொடுத்தார். ஏமாற்றுகிறவன் தன் தவறை இவ்வளவு வெளிச்சமாகச் சொல்ல மாட்டான் என்பது அவருக்கு லோரி ஓட்டுநர்களிடம் படித்த பாடம். தலையைத் திருப்பியபோது கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கி வெறுமையாகத் தொங்குவது கண்ணில் பட்டது.

"இதுல என்ன மாட்டியிருந்துச்சி?"

"அந்தோணியார் மெடல் பா. அத்த குடுத்தது," என்றாள் ரூபினி, மீன் பொரித்துக்கொண்டே. "போன மாசம் வந்தப்ப அம்மா கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. முட்டி வலிக்கு நல்லதுன்னு..."

சட்டென்று நிறுத்திக்கொண்டாள். இரண்டு வருடமாகப் பிரேமாவதி மாதா மாதம் 'முட்டிக்கு மருந்து' என்று பேருந்து ஏறிப் போய்க்கொண்டிருந்தது இந்த வீட்டுக்குத்தான். லோரிக்கு அடியில் குனிந்து பார்த்த மனிதர் பெண்டாட்டியின் முட்டியைச் சந்தேகப்பட்டதே இல்லை.

"உங்களுக்குத் தெரியாதாப்பா?"

"தெரியும், தெரியும்," என்றார் புவனேசன். சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டார்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது ரூபினி படிக்கட்டுவரை வந்தாள். "எதையும் செக் பண்ணாம சும்மா என்னைப் பாக்க வந்தது இதாம்பா மொத தடவ," என்றாள். அவர் நாலு மாடியும் இறங்கும்வரை தலை நிமிரவில்லை. இதை அவரே என்னிடம் சொன்னார். அவர் வாயால் ஒப்புக்கொண்ட ஒரே பொய்க்கணக்கு அதுதான்.

வீட்டில் பிரேமாவதி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவர் பதக்கத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"முட்டி எப்படி இருக்கு?"

அவள் பதக்கத்தைப் பார்க்காமலே, "இருக்கு," என்றாள்.

"எதுக்கு கோலைக் கட்டுனே?"

"பின்ன? யாராச்சும் கோல் போட்டா நீங்க ஒருத்தனுக்குக் கை தூக்கணும். மருமகனுக்குத் தூக்க மாட்டீங்க. அவ வரமாட்டா. யாருமே போடலன்னா ஒரு தீர்ப்பும் வேணாம்ல? அதான் ரெண்டு சாமிகிட்டயும் சொல்லி வெச்சேன்."

"சரி. ஏன் ஒரு கோலை மட்டும் கட்டுனே?"

"ஆளுக்கு ஒண்ணுதானே? நம்ம பசங்க பந்து போடுற கோலு கோயில் பக்கம்தான இருக்கு?"

"பாதி ஆட்டத்துல பக்கம் மாறுவாங்கடி!"

துருவல் நின்றது. "மாறுவாங்களா? யாரு மாறச் சொன்னா?"

திடலுக்கு எதிர் வீட்டில் முப்பது வருடம் குடியிருந்தவள் அவள். ஆனால் ஆட்டம் பாதி முடிகிற நேரம் சோறு வடிக்கிற நேரம். அவள் ஒரு நாளும் இரண்டாம் பாதியைப் பார்த்ததில்லை. நமக்கு ஒரு கோல், எதிரிக்கு ஒரு கோல், சாகும்வரை அவரவர் கோல் அவரவருக்கு என்றுதான் நினைத்திருந்தாள்.

புவனேசன் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் கட்டினால் என்ன ஆகும்? வெள்ளைப்பாலம் முதல் பாதியில் வடக்குக் கோலைக் காத்தால், ராமையாவின் பாதியில் கோல் வாங்காது. இரண்டாம் பாதியில் கெல்வின் பையன்கள் அதே கட்டிய கோலில் மோதித் திரும்புவார்கள். நாணயம் மறுபக்கம் விழுந்தால் எல்லாம் தலைகீழ். எப்படி விழுந்தாலும் மேடையில் யாரோ கால் வைத்திருக்கிறான். அந்த யாரோ, தன் சொந்தப் பெண்டாட்டி.

ஞாயிறு விடியற்காலை அவரே சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்த் திடலுக்குக் கோடு போட்டார். எடைபோடப் போகிறவர் ஏன் கோடு போடுகிறார் என்று இரண்டு கட்சியும் சந்தேகப்பட்டது. காளிதாசன் கோட்டில் காலை வைத்து நேராக இருக்கிறதா என்று நடந்தே பார்த்தார்.

சாயங்காலம் யான் அணி இரண்டு வேனில் வந்து இறங்கியது. குனோங் ஜெராய் மலையடிவாரத்து வயல்காட்டுப் பையன்கள். நெஞ்சு ஒவ்வொன்றும் கதவு அகலம். முதல் பாதியில் ராமையாவின் பத்துப் பேர் வடக்குக் கோல் முன்னால் குடும்பப் புகைப்படத்துக்கு நிற்பதுபோல் நின்றார்கள். யான்காரர்கள் அடித்த பந்தெல்லாம் யாரோ ஒருவன் முதுகில் பட்டுத் திரும்பியது. "அதான் ஆட்டம்!" என்றார் காளிதாசன். கோல் இல்லை.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறியது. பிரேமாவதி முதன்முறையாக வேலி ஓரம் வந்து நின்று, அவர்கள் உண்மையிலேயே மாறுகிறார்களா என்று பார்த்தாள். கெல்வின் கையை அசைத்தான்; ஆறு பேர் மேலே பறந்தார்கள். பந்து கம்பத்தில் பட்டது. மறுபடி பட்டது. மூன்றாவது முறை பட்டபோது கம்பம் 'நங்'கென்றது கூலிம் வரை கேட்டிருக்கும். எதிர்ப்பக்கம் யான்காரன் ஒருவன் காவலே இல்லாத கோலைப் பார்த்துத் தனியாக ஓடினான். காளிதாசன் கண்ணை மூடிக்கொண்டார். பந்து கோட்டுக்கு ஒரு முழம் முன்னால், முந்தின ராத்திரி மழையில் தேங்கிய தண்ணீரில் சிக்கி நின்றுவிட்டது. விசில் ஊதினார்கள். பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.

"மூணு தடவ கம்பம்! இது ஜெயிச்ச மாதிரி!" என்றார் ரஃபேல்.

"கம்பத்துல அடிச்சா கிண்ணம் குடுப்பானா?" என்றார் காளிதாசன். "மொத பாதியில ஒருத்தனாச்சும் கம்பத்தத் தொட்டானா, நம்ம கோல்ல?"

பிறகு எல்லாத் தலையும் மடக்கு நாற்காலி பக்கம் திரும்பின. ராமையா கையைப் பின்னால் கட்டி நின்றார். கெல்வின் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றான். அவன் காருக்குப் பக்கத்தில், வயிற்றின் மேல் கை வைத்தபடி ரூபினி.

புவனேசன் எழுந்தார். "முள்ளு அசையல. இன்னிக்கு எடை இல்ல."

"அது என்ன பேச்சு?" என்று காளிதாசன் கத்தினார். "மருமகனக் காப்பாத்துறீங்க!"

"ராமையா அண்ணனக் காப்பாத்துறாரு!" என்று அதே மூச்சில் ரஃபேல் கத்தினார்.

"ரெண்டும் இல்ல," என்றார் புவனேசன். அவர் குரல் இறங்கியிருந்தது. "எங்கிட்ட வர்ற லோரிக்காரன் மேடையில கால் வெச்சிருக்கானான்னு முப்பத்தோரு வருஷம் குனிஞ்சி பாத்தேன். இன்னிக்குப் பாத்தா, என் காலே மேடையிலதான் இருக்கு. ஒரு பக்கம் ராமையா. எனக்குப் புடிச்ச ஆட்டம். இன்னொரு பக்கம் என் மக. என் எடையை நம்பாதீங்க. வேற ஆளப் பாருங்க."

யாரையும் சந்தேகப்படாத மாதிரி அவர் பேசியதை ஊர் அன்றைக்குத்தான் கேட்டது. சந்தேகப்பட்டது தன்னையே என்பதை எத்தனை பேர் கவனித்தார்களோ. ராமையா தொண்டையைச் செருமி, "பாதி பாதியே நல்லாத்தான் இருக்கு. அப்படியே போவோம்," என்றார். ஒன்பது வருடத்தில் அவர் பேசிய மிக நீண்ட பேச்சு அது. கெல்வின் சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்தான். அந்த வருடம் பாதி பாதியாகவே ஆடி, நாலாவது இடத்துக்கு வந்தார்கள். எந்தப் பாதியால் என்று ரஃபேல் கடையில் விசாரணை இன்னமும் முடியவில்லை.

ரூபினி வளைகாப்புக்கு வந்தாள். அப்பா வீட்டுக் கூடத்தில், மாலையும் சந்தனமுமாக உட்கார்ந்திருந்தாள். பெண்கள் ஒவ்வொருவராக வளையல் போட, பிரேமாவதி வாயால் விஷயம் தெரிந்திருந்த சம்பந்தி ஜோசபின் என் காதருகே குனிந்து, "டீச்சர், அந்த எலுமிச்சம்பழம் என்னாச்சி?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாத விஷயமா? கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: ஞாயிற்றுக்கிழமை விடியலில் கோடு போடுகிற சாக்கில் புவனேசன் அதைத் தோண்டி எடுத்து, மூன்று ஆணியையும் பிடுங்கி, ஆற்றில் வீசிவிட்டார், கள்ள எடைக்கு அவர் மேடையில் இடம் கிடையாது, அப்படிப்பட்ட மனிதர். பெண்கள் எல்லாரும் 'ச்சு ச்சு' என்று வியந்தார்கள். புவனேசன் வாசலில் நின்று செருப்புகளை எண்ணிக்கொண்டிருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை.

வளையல் தட்டோடு வந்த பிரேமாவதி என் பக்கத்தில் நின்றாள்.

"எடுக்கல டீச்சர். வயித்துப்பிள்ளைக்காரி இருக்கா, பொதைச்சதைத் தோண்டக் கூடாதுன்னு பூசாரி சொல்லிட்டாரு. இவரு அன்னிக்கு விடியக்காலையில எங்கிட்ட இன்னொரு பழம் கேட்டு வாங்கிட்டுப் போயி, தெக்குப் பக்கத்துக் கோல்லயும் ஒண்ணு பொதைச்சிட்டு வந்தாரு."